தங்க ஊசியும் முடக்கொத்தான் சாறும்

சுருட்டுச் சுற்றுகிறவனுக்கு நோ வந்தால் முதுகில் வரும், இல்லையென்றால் நெஞ்சில் இருமலாக வரும். விரலில் வரும் என்று நான் ஒருநாளும் பயந்ததில்லை. மழை பெய்தால் கூரைக்குப் பயப்படுவேன். பெய்யாவிட்டால் கிணற்றுக்குப் பயப்படுவேன். அன்னம் சுன்னாகம் சந்தைக்குப் போய்ச் சற்றுப் பிந்தினாலும் லொறி ஏதும் மோதிவிட்டதோ என்று வேலிப் படலையில் போய் நிற்பேன். அன்னம் என் மனைவி. எனக்கு வயிற்றில் சோறு செமிப்பதில்லை, பயம்தான் விளைகிறது என்று அவள் சொல்லுவாள். அப்படிப்பட்ட நான் பயப்பட மறந்த ஒரே இடம் என் கைகள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கிளினிக் வாங்குப் பலகையில் பக்கத்தில் இருக்கிறவர்கள் என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். அவர்களுக்கும் விரல் வீங்கியிருக்கும், அல்லது அவர்கள் வீட்டில் ஒருவருக்கு வீங்கியிருக்கும். நான் பாதி சொல்லுமுன் பெயர் கூப்பிட்டுவிடும். பாதிக் கதையோடு போனால் அது அவர்களுக்குத் தீங்காகவும் முடியலாம் என்று வீட்டுக்கு வந்தபிறகு எனக்கு மனம் அடித்துக்கொள்ளும். அதனால் முழுவதையும் எழுதி வைக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பேனைக்குச் சீலைத்துண்டு சுற்றித் தடிப்பாக்கித்தான் பிடிக்கிறேன். வெயில் ஏறிய பிறகுதான் அதுவும் ஏலும்.

ஒரு மார்கழியில் தொடங்கியது. சுருட்டின் வெளியிலை தோல் மாதிரி. சுருக்கம் விழாமல், ஈரம் காயுமுன் இழுத்துச் சுற்றி முடிக்க வேண்டும். அன்று காலை என் கையில் இலை கிழிந்தது. அடுத்ததும் கிழிந்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இலை நிற்க மாட்டேன் என்றது. பக்கத்துப் பலகையில் இருந்து சுருட்டுச் சுற்றுகிறவர், நான் இரவு கள்ளுக்குப் போய்வந்திருக்கிறேன் என்று சுருட்டுக் கொட்டில் முழுக்கக் கேட்கச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெயில் ஏறியதும் விரல் இளகிவிட்டது. குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் தை பிறந்து, மாசி வெயில் வந்த பிறகும் காலையில் என் கை முடங்கித்தான் கிடந்தது. விரல் முட்டிகள் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கின. ஒரு கையில் எந்த விரலோ மற்றக் கையிலும் அதே விரல். யாரோ அளந்து வைத்ததுபோல் இருந்தது. அந்த ஒழுங்குதான் என்னை முதலில் பயப்படுத்தியது.

நாட்டு வைத்தியம் பார்க்கிற அயலூர்ப் பரியாரியாரிடம் போனோம். அவர் நாடி பிடித்துப் பார்த்தார், விரல் முட்டியை அமுக்கிப் பார்த்தார், வாதம் மூட்டில் இறங்கியிருக்கிறது என்றார். முடக்கொத்தான் இலையும் வாதநாராயணி இலையும் சேர்த்து இடித்து, சீலையில் பிழிந்து, அந்தச் சாற்றை வெறுவயிற்றில் குடிக்க வேண்டும். நொச்சி இலை அவித்த தண்ணீரில் கையை வைத்திருக்க வேண்டும். படுக்குமுன் ஆமணக்கிலையில் எண்ணெய் பூசி, அனலில் வாட்டி, சூட்டோடு மூட்டில் கட்ட வேண்டும்.

முடக்கொத்தான் எங்கள் வேலியிலேயே படரும் கொடி. காய் சின்னப் பலூன் மாதிரி இருக்கும். சிறுபிள்ளையில் அதை நெற்றியில் அடித்து வெடிக்க வைத்திருக்கிறேன். அதையே மருந்தாகக் குடித்தபோது தொண்டையில் பச்சை வாடை அடித்தது, நாக்கில் வழவழப்பாய் ஒட்டியது. அன்னம்தான் விடியுமுன் எழும்பி இடிப்பாள். நான் இந்தச் சாற்றைக் குறை சொல்ல வரவில்லை. குடித்ததில் நோ குறைந்தது. கட்டிய இலை சூடு ஆறும்வரைக்கும் கை எனக்குச் சொந்தமானதுபோல் இருந்தது. ஆனால் வீக்கம் வற்றவில்லை.

பத்தியத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் தலைவிதி அதில்தான் வந்து இடறியது. எங்கள் பக்கத்தில் கிரந்திச் சாப்பாடு என்று ஒன்று உண்டு. கத்தரிக்காய், நண்டு, இறால், அன்னாசி எல்லாம் அதில் சேரும். இவற்றைத் தின்றால் சிலருக்குத் தோல் அரித்துக் கடிக்கும், தடிக்கும், புண் ஆறாது. அதற்குக் கிரந்தி என்று பெயர். அதை யாரும் நோய் வருத்தம் என்று கணக்கில் எடுப்பதில்லை. சாப்பாட்டை நிறுத்தினால் போய்விடும். வீட்டுக்கு வீடு ஒருவருக்கு இருக்கும். பரியாரியார் இவை எல்லாவற்றையும் விலக்கச் சொன்னார். நான் விலக்கினேன்.

பிறகு மணிக்கட்டுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. பின்னேரங்களில் காய்ச்சல் காய்ந்தது. உடுத்த சாறத்தை இடுப்பில் முடிய ஏலாமல் போன அன்று அன்னம்தான் முடிச்சுப் போட்டுவிட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் தன் தமையனைக் கூப்பிட்டு, என்னைப் பஸ்சில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பது ஒரு தனி வருத்தம். வாங்கு நிறைய ஆட்கள். முன்னால் இருக்கிறவர் எழும்ப எழும்ப எல்லாரும் ஒவ்வொரு இடம் நகர வேண்டும். எனக்குக் கையை ஊன்றி நகர ஏலாது. மச்சான் ஒவ்வொரு முறையும் என் கமக்கட்டுக்குள் கை கொடுத்து நகர்த்தினார். ஒருமுறையும் முகம் சுளிக்கவில்லை. கையில் பிடித்த இலக்கத் துண்டு நனைந்துபோகும் அளவுக்கு எனக்கு வியர்த்தது. புற்றுநோய் என்று சொல்லப்போகிறார்கள், கையை வெட்டப்போகிறார்கள், அன்னம் தனியே என்ன செய்வாள் என்று ஒன்றன்பின் ஒன்றாய் நினைத்துக்கொண்டே நகர்ந்தேன்.

டொக்டர் கண்ணாடி போட்ட, மெதுவாகக் கதைக்கிற மனிதர். என் இரண்டு கையையும் தன் கைக்குள் எடுத்து ஒவ்வொரு முட்டியாக அமுக்கினார். இரத்தம் எடுத்தார்கள். அந்த இரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிமிர்த்தி நிற்க வைத்து, சிவப்பு எவ்வளவு கெதியாய்க் கீழே படிகிறது என்று பார்ப்பார்களாம். கெதியாய்ப் படிந்தால் உடம்புக்குள் எங்கோ அழற்சி இருக்கிறது. என்னுடையது மிகக் கெதியாய்ப் படிந்தது. அழற்சி என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். வீங்கும், சிவக்கும், சுடும், நோகும். இந்த நாலும் சேர்ந்தால் அதுதான் அழற்சி என்று டொக்டர் சொன்னார். எக்ஸ்றேயை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முட்டியெலும்பின் ஓரம் எலி கறித்ததுபோல் இருந்த இடத்தைக் காட்டினார்.

“இது வயசாலை வாற தேய்மானம் இல்லை,” என்றார். “உம்மடை உடம்பு உம்மடை மூட்டோடையே கோவிச்சுக்கொண்டு நிக்குது.”

“மாறிச் சுகமாகுமோ ஐயா?”

“அடக்கலாம். மாத்தேலாது.”

அன்றே என்னை வாட்டில் சேர்த்தார்கள். அந்த இரண்டு சொல்லையும் நான் கட்டிலில் படுத்துக்கொண்டு உருட்டி உருட்டிப் பார்த்தேன். முதலில் அஸ்பிரின் குளிசை தந்தார்கள், வேளைக்குக் கைநிறைய. காதுக்குள் இரைந்தது. செவிடாகப் போகிறேன் என்று தாதி மிஸியிடம் சொன்னேன். குளிசையைக் குறைத்தால் இரைச்சல் நிற்கும் என்றார். குறைத்தார்கள், நின்றது. ஆனால் நோ திரும்பியது.

பக்கத்துக் கட்டிலில் வடமராட்சிப் பக்கத்துத் தண்டையல் ஒருவர் இருந்தார். பாய்க்கப்பல் ஓட்டியவர். கால் பெருவிரல் தக்காளிப்பழம் மாதிரிச் சிவந்து, போர்வை பட்டாலும் துடிப்பார். அவருக்கு அது வேறு மூட்டு வருத்தம், அடிக்கடி வந்து போகிறது. எனக்கு வந்தது போகாது. அந்த வித்தியாசத்தை அவர் அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். தோடம்பழம் வந்தால் உரித்து, விதை எடுத்து, சுளை சுளையாய் என் வாயில் வைப்பார். கடலில் நீந்தத் தெரியாத ஆட்களைத்தான் தனக்குப் பிடிக்கும், அவர்கள்தான் கப்பலை விட்டுக் குதிக்க மாட்டார்கள் என்று என்னைக் கேலி செய்வார்.

குளிசைக்கு அடங்காததால் தங்க ஊசி தொடங்குவோம் என்று டொக்டர் சொன்னார். கிழமைக்கு ஒரு ஊசி, மாதக்கணக்கில். பலன் உடனே தெரியாது, பொறுமை வேண்டும். அன்று பின்னேரம் பார்க்க வந்த அன்னத்திடம் இதைச் சொன்னேன். அவள் முகம் ஒரு மாதிரிப் போனது. சோற்றுப் பார்சலைப் பிரித்து ஊட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் டொக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வரும்போது, பார்வை நேரம் இல்லாத நேரத்தில், அவள் எப்படியோ உள்ளே வந்துவிட்டாள். லேஞ்சித் துணியில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து டொக்டர் முன்னால் நீட்டினாள். அவளுடைய இரண்டு தங்கக் காப்பும் இருந்தன.

“இவ்வளவும்தான் ஐயா இருக்கு,” என்றாள். “ஊசிக்கு உருக்க இது காணாட்டில் கொடியையும் கழட்டித் தாறன். நான் தாலியை மஞ்சள் கயித்திலை கட்டுறன்.”

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கப் போகிறார் என்று நான் பயந்தேன். அவர் சிரிக்கவில்லை.

“தங்கம் மருந்துக்குள்ளை கலந்துதான் அம்மா போத்திலிலை வருது. அரசாங்கம் தருது. காப்பைக் கையிலை போடுங்கோ,” என்றார். அவள் போட்டுக்கொள்ளும்வரை நின்றுவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர் வெளியே போனதும் தண்டையல் என் பக்கம் திரும்பினார். “தம்பி, ஊசி எல்லாம் போட்டு முடிஞ்சாப்பிறகு உம்மைக் கொண்டுபோய் நகை மாதிரி அடைவு வைக்கலாம்,” என்றார். அன்னமும் சிரித்துவிட்டாள். அந்த வாட்டில் நான் கேட்ட அவள் சிரிப்பு அது ஒன்றுதான்.

ஊசி தொடங்குமுன் டொக்டர் நாட்டு மருந்து ஏதும் எடுக்கிறேனா என்று கேட்டார். ஏசுவார், ஆஸ்பத்திரியை விட்டே துரத்துவார் என்று நினைத்தேன். அன்னம்தான் சாறு, அவித்த தண்ணீர், வாட்டிய இலை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் இலைகளின் பெயரை ஒவ்வொன்றாய்க் கேட்டார். தன் தாயும் முழங்காலுக்கு நொச்சி கட்டுகிறவர்தான் என்றார். குடிக்கலாம், ஆனால் என்ன குடிக்கிறோம் என்று தனக்குத் தெரிய வேண்டும், புதிதாய் ஏதும் சேர்த்தால் சொல்ல வேண்டும் என்றார். அதனால் நான் இரண்டையும் ஒளிக்காமல்தான் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கிழமைக்கு ஒருநாள் கிளினிக்குக்குப் போனேன். ஊசி போடுமுன் ஒவ்வொரு முறையும் சிறுநீர் பார்ப்பார்கள். மிஸி அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் மேல்பக்கத்தைக் கொதிக்க வைப்பார். தெளிவாக இருந்தால் நல்லது. முட்டை வெள்ளைக்கரு அவிந்ததுபோல் கலங்கினால், சிறுநீரகம் உடம்பின் சத்தை வெளியே விடுகிறது என்று அர்த்தம். தங்கம் சிலருக்கு அப்படிச் செய்யும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அந்தக் குழாய் கொதிக்கும்போது நான் மூச்சு விடமாட்டேன். தெளிவாகவே இருந்தது. ஒவ்வொரு கிழமையும் தெளிவாகவே இருந்தது.

சோளகக் காற்று வீசத் தொடங்கிய நாட்களில் ஒரு காலை நான் எழும்பி, முகம் கழுவி, சேட்டுச் சட்டையை எடுத்து மாட்டி, பொத்தானைப் பூட்டிவிட்டேன். பூட்டிய பிறகுதான் பூட்டியது தெரிந்தது. அன்னத்தைக் கூப்பிட்டேன். அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள், விழுந்துவிட்டேன் என்று நினைத்து. பொத்தானைக் காட்டினேன். அவள் அதைக் கழற்றி, திரும்பப் பூட்டச் சொன்னாள். பூட்டினேன்.

அதன்பிறகு விரல்கள் நாளுக்கு நாள் நிமிர்ந்தன. கொட்டிலுக்குப் போனேன். முதலாளி என் பலகையைச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார். எடுத்துத் தந்தார். அரைநாள் இருந்து சுற்றினேன். பழைய கதி இல்லை, ஆனால் இலை கிழியவில்லை. பொங்கல் கழிய முழுநாளும் வரலாம், அதுவரை பலகையை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று முதலாளி சொன்னார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒரு பயமும் இருக்கவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாததால் அதற்கே கொஞ்சம் பயந்தேன்.

அந்த நாட்களில்தான் முழங்கைக்குள் கடிக்கத் தொடங்கியது. சின்னச் சின்னத் தடிப்புகள். பிறகு வயிற்றில், தொடையில். அன்னம் பார்த்த உடனே சொன்னாள். அதற்கு முதல் கிழமை தமையன் வீட்டில் நண்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். கை திறந்த சந்தோஷத்தில் பத்தியத்தை மறந்து நானும் சாப்பிட்டிருந்தேன். கிரந்திதான், வேறென்ன. பரியாரியாரும் அதையே சொன்னார். குப்பைமேனி இலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார். பூசினால் கொஞ்சம் அடங்கும், பிறகு கடிக்கும். அன்னம் கத்தரிக்காயை வீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லை. மீனையும் நிறுத்தினாள். எனக்காகத் தானும் வெறும் இரசமும் சோறும் சாப்பிட்டாள். நாக்கில் செம்புச் சல்லியை வைத்ததுபோல் ஒரு ருசி இருந்துகொண்டே இருந்தது. அது முடக்கொத்தான் சாற்றின் ருசி என்று நினைத்தேன்.

கிளினிக்கில் ஊசிக்கு முன் கேட்பார்கள், உடம்பில் சொறி ஏதும் இருக்கிறதா என்று. இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சொறி என்றால் குளிக்காதவனுக்கு விரலிடுக்கில் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. எனக்கு இருந்தது கிரந்தி. அது சாப்பாட்டுக் காரியம், அன்னத்தின் அடுப்படியில் தீர்க்க வேண்டியது. ஊசி போடுகிற இடத்தில் நண்டுக் குழம்புக் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஒரு துரும்புக்கும் பயப்படுகிற நான், இதற்கு மட்டும் பயப்படவில்லை. அதன் பெயர் எனக்குத் தெரிந்திருந்ததால் பயப்படவில்லை.

பிறகு ஒரு கிழமை, விளக்கில் பிடித்த குழாய் கலங்கியது. மிஸி இரண்டு துளி அமிலம் விட்டுப் பார்த்தார். கலங்கல் போகவில்லை, கட்டியாகத் திரண்டது. ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். டொக்டர் வந்தார். என் சேட்டுக் கையை மேலே சுருட்டினார்.

“உதென்ன?”

“கிரந்தி ஐயா.”

“எப்ப தொடக்கம்?”

நான் சொன்னேன். அவர் வயிற்றையும் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்துவிட்டார்.

“சொறி இருக்கோ எண்டு கேட்டனாங்கள் எல்லோ?”

“சொறி இல்லை ஐயா. நண்டு திண்டதாலை வந்த கிரந்தி.”

அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“என்ரை வீட்டிலையும் கிரந்தி எண்டுதான் சொல்லுறவை,” என்றார். “நான் அந்தச் சொல்லாலை கேட்டிருக்க வேணும்.”

தங்கம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அநேகமாக முதலில் தோலில்தான் காட்டும், வாயில் காட்டும். கடி தொடங்கியவுடன் நிறுத்தியிருந்தால் சிலவேளை கொஞ்சக்காலம் விட்டு, சின்ன அளவில் திரும்பத் தொடங்கியிருக்கலாம். இப்போது சிறுநீரகத்துக்குப் போய்விட்டது. இதை அவர் எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் ஒரு சொல்லும் தப்பாமல் எனக்குள் இறங்கியது.

திரும்பவும் வாட்டு. கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. காலையில் கண்மடல் வீங்கித் திறக்க ஏலாது. உப்பில்லாச் சாப்பாடு. குழாயில் கொதிக்கும் சிறுநீர் ஒவ்வொரு நாளும் வெள்ளையாய்த் திரண்டது. பக்கத்துக் கட்டிலில் இந்தமுறை தண்டையல் இல்லை. கதைக்காத ஒரு கிழவர் இருந்தார். நான் சாகப்போகிறேன் என்று முழுதாய் நம்பினேன். கைக்காகச் சிறுநீரகத்தைக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு, கையாவது மிஞ்சட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அன்னத்தின் முகத்தைப் பார்க்க ஏலாமல் இருந்தது.

ஊசியை நிறுத்திய அன்றே இலைச்சாற்றையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். சிறுநீரகம் ஆறும்வரை எதுவும் வேண்டாம் என்று. அன்னம் சாறு கொண்டுவந்த போத்திலில் பார்லித் தண்ணீர் கொண்டுவந்தாள். கால் வீக்கம் மெல்ல மெல்ல வற்றியது. குழாயில் வெள்ளை குறைந்தது. டொக்டர் சந்தோஷப்பட்டார். ஆனால் அந்தக் கட்டிலிலேயே, கால் வற்ற வற்ற, என் விரல் முட்டிகள் திரும்பவும் திரண்டு வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி ஒருநாள் பார்க்க வந்தார். கட்டிலோரத்தில் இருந்து, ஆஸ்பத்திரிச் சாப்பாடு எப்படி, மழை எப்படி என்று கேட்டார். என் கையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். பொங்கல் கழிந்து போயிருந்தது. பலகையை யாருக்குக் கொடுத்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது, சுகமானதும் வந்து கதைக்கும்படி சொன்னார். சுற்ற வா என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு விடுமுன் புதிதாய் எக்ஸ்றே எடுத்தார்கள். எலி கறித்த ஓரம் பெருத்திருந்தது. தங்கத்தை எப்போது திரும்பத் தொடங்கலாம் என்று கேட்டேன். அது இனி இல்லை, அடுத்தமுறை சிறுநீரகம் ஆறாமலே போய்விடலாம் என்றார் டொக்டர். குளிசை உண்டு, மெழுகில் கையை முக்கும் சிகிச்சை உண்டு, நோவைக் குறைக்க வழிகள் உண்டு என்றார். சாற்றைக் கொஞ்சநாள் கழித்துக் குடிக்கலாம், ஆனால் மாதம் ஒருமுறை சிறுநீர் பார்க்க வேண்டும் என்றார்.

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். எத்தனையோ நாளாய் என் வயிற்றுக்குள் கிடந்த கேள்வி.

“ஐயா, அண்டைக்கு என்ரை கையைத் திறந்தது ஊசியோ, சாறோ?”

“ஊசி எண்டுதான் நினைக்கிறன்,” என்றார். “ஆனா ரெண்டும் உமக்குள்ளை இருந்தது. சத்தியம் பண்ணிச் சொல்ல எனக்குத் தெரியாது.”

பரியாரியாரிடமும் கேட்டேன். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. சாறுதான், அதிலென்ன சந்தேகம், தங்கம் இடையில் வந்து குழப்பிப்போட்டுப் போனது என்றார். எனக்கு டொக்டரில்தான் நம்பிக்கை. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மனிதர். ஆனால் டொக்டர் சொன்னதுபோல் அது ஊசியாக இருந்தால், எனக்கு இனி ஒன்றும் இல்லை. பரியாரியார் சொன்னதுபோல் சாறாக இருந்தால், அது எங்கள் வேலியில் படர்ந்து கிடக்கிறது. அதனால் நம்பிக்கை இல்லாத பக்கம் நின்று, அவர் சொன்னதே சரியாக இருக்கட்டும் என்று கோயிலில் நேர்ந்துகொண்டு வந்திருக்கிறேன்.

டொக்டர் சொன்ன நாள் வந்ததும் சாற்றைத் திரும்பத் தொடங்கினோம். நோ முன்போலவே குறைந்தது. அதை யார் கேட்டாலும் சொல்லுவேன். மாத முடிவில் குழாய் கொதிக்கிறது, தெளிவாக இருக்கிறது. அன்றைக்கு விரல் நிமிர எவ்வளவு காலம் எடுத்ததோ, அவ்வளவு காலம் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் காலம் வந்து, தாண்டியும் போய்விட்டது. அன்னத்துக்கும் அது தெரியும்.

இன்றைக்குக் காலை சாறு குடித்து முடிந்ததும், அவள் தகரப் பேணியை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

“இஞ்சாருங்கோ, விரல் எப்பிடி?”

“கொஞ்சம் இளகியிருக்குப் போலை,” என்றேன்.

அவள் பேணியை நிலத்தில் வைத்துவிட்டு என் கையை எடுத்தாள். சுட்டுவிரலை மெல்ல நிமிர்த்திப் பார்த்தாள். அது நின்ற இடத்திலேயே நின்றது. நடுவிரலைப் பார்த்தாள். பிறகு கையை என் மடியில் திரும்ப வைத்தாள்.

“ஓம்,” என்றாள். “கொஞ்சம் இளகித்தான் இருக்கு.”